கேமரா இல்லாமல் சினிமா எடுத்தவர்



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். கோபத்தைப் படமாக வரையச் சொன்னால் என்ன வரைவீர்கள்? நானாக இருந்தால் ஒரு முகம் வரைவேன். புருவத்தை நெரித்து, பல்லைக் கடித்து, மூக்கை விடைத்து ஒரு முகம். நம்மில் பல பேர் அப்படித்தான் வரைவோம். ஆனால் முகமே கூடாது, வெறும் ஒரு கோடுதான் என்று சொல்லிவிட்டால்? அந்த ஒற்றைக் கோடு துள்ளுவதைப் பார்த்தே நாம் சிரிக்க வேண்டும், அது நடுங்குவதைப் பார்த்தே நமக்குத் தொண்டை அடைக்க வேண்டும். நடக்கிற காரியமா என்று தோன்றும். அதை நடத்திக் காட்டியவர்தான் நார்மன் மெக்லாரன். கார்ட்டூன் என்றால் டாம் அண்ட் ஜெர்ரி என்று மட்டுமே தெரிந்த எனக்கு, நம் டிராயிங் சார்தான் இந்தப் பெயரை முதலில் சொன்னார். அதன் பிறகு தேடித் தேடிப் படித்ததையும், பார்த்த படங்களையும் வைத்து இதை எழுதுகிறேன்.

பெயிண்டர் வீட்டுப் பிள்ளை

மெக்லாரன் 1914-ஆம் வருடம் ஏப்ரல் 11-ஆம் தேதி ஸ்காட்லாந்து நாட்டில் ஸ்டெர்லிங் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு வீடுகளுக்கு வர்ணம் அடித்து அலங்காரம் செய்யும் தொழில். வண்ணத்தின் வாசனையோடு வளர்ந்த பிள்ளை, பெரியவனானதும் கிளாஸ்கோ நகரத்தில் இருந்த கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே படிக்கும்போதுதான் சினிமா ஆசை பிடித்தது.

ஆசை இருந்து என்ன செய்ய? கையில் கேமரா கிடையாது. புது பிலிம் வாங்கப் பணமும் கிடையாது. ஓடித் தேய்ந்துபோன ஒரு பழைய சினிமா பிலிம் ரோல் மட்டும் கிடைத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த பிலிமைத் தண்ணீரில் ஊறவைத்து, அதில் இருந்த படத்தையெல்லாம் கழுவி எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது கண்ணாடி மாதிரி ஒரு நீளமான நாடா. அந்த நாடாவின் மேலேயே பிரஷ்ஷால் வர்ணம் தீட்டி, அதை அப்படியே புரொஜெக்டரில் ஓட்டினார். திரையில் வர்ணங்கள் ஆட ஆரம்பித்தன. அடேயப்பா, கேமராவே இல்லாமல் ஒரு சினிமா! திரும்பத் திரும்ப ஓட்டியதில் அந்தப் படம் தேய்ந்தே போய்விட்டது. ஆனால் அன்று கற்றுக்கொண்ட வித்தை ஐம்பது வருடம் அவருக்குச் சோறு போட்டது.

இதே வேலையை வேறொருவரும் செய்துகொண்டிருந்தார். நியூசிலாந்தில் பிறந்த லென் லை என்பவர், 1935-ல் இப்படி பிலிம் மேலேயே வர்ணம் தீட்டி ஒரு படம் வெளியிட்டார். அதைப் பார்த்து மெக்லாரன் பொறாமைப்படவில்லை, துள்ளிக் குதித்தார். தான் போகிற பாதை சரிதான் என்று தைரியம் வந்தது.

ஸ்பெயினில் கண்ட காட்சி

கலைப்பள்ளிக் காலத்திலேயே அவருக்குப் போர் என்றால் ஆகாது. 1936-ல் ஹெலன் பிக்கர் என்ற சிற்பியோடு சேர்ந்து, ஆயுத வியாபாரத்தைக் கண்டித்து ஒரு படம் எடுத்தார். கிளாஸ்கோவில் நடந்த படப் போட்டிக்கு நடுவராக வந்த ஜான் கிரியர்சன் இந்தப் பையனின் திறமையைக் கவனித்து, லண்டனில் தபால் இலாகா நடத்திவந்த படப் பிரிவில் வேலை போட்டுக் கொடுத்தார்.

அதே 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மாட்ரிட் நகரத்து மக்கள் படும் பாட்டைப் படம் எடுக்கப் போன குழுவில் மெக்லாரனும் கேமராமேனாகப் போனார். அப்போது அவருக்கு வயது 22. குண்டு விழுந்த வீடுகளையும், அடிபட்ட மனிதர்களையும் கேமரா வழியாகப் பார்த்தார். பொதுவாகவே கூச்ச சுபாவம் உள்ளவர், அதிகம் பேச மாட்டார். அந்தக் காட்சிகள் உள்ளேயே தங்கிவிட்டன.

1939-ல் ஐரோப்பாவில் பெரிய போர் வருவது தெரிந்ததும், அவர் கப்பலேறி அமெரிக்கா போய்விட்டார். நியூயார்க்கில் வசதியெல்லாம் ஒன்றும் இல்லை. அங்கேதான் 1940-ல் வெறும் புள்ளிகள் ஆடுகிற ஒரு படமும், வெறும் வளையங்கள் ஆடுகிற ஒரு படமும் செய்தார். பேனாவைத் தொட்டுத் தொட்டு பிலிம் மேலேயே வரைந்த படங்கள் அவை.

ஒரு நிமிடத்துக்கு 1,440

இந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சினிமா பிலிமின் அகலம் 35 மில்லிமீட்டர். அதில் ஒரு படக் கட்டம் நம் தபால்தலை அளவுகூட வராது. ஒரு வினாடிக்கு 24 கட்டங்கள் ஓட வேண்டும். அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 1,440 கட்டங்கள்! ஒவ்வொன்றிலும் இண்டியன் இங்க்கைத் தொட்டு, முந்தின கட்டத்தில் இருந்ததைவிட ஒரு நூல் தள்ளி வரைய வேண்டும். கை கொஞ்சம் ஆடினால் திரையில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும்.

ஆனால் அந்தக் கை ஆட்டம்தான் அழகே. அச்சடித்த மாதிரி இல்லாமல், ஒரு மனுஷன் வரைந்தது என்று பார்க்கும்போதே தெரியும்.

இங்கே ஒரு ரகசியம் இருக்கிறது. ரஃப் நோட்டின் ஓரத்தில் பொம்மை வரைந்து சர்ரென்று புரட்டி விளையாடுகிறோம் இல்லையா? அதில் ஒரு பந்து உருளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே இடைவெளி விட்டு வரைந்தால் அது இயந்திரம் மாதிரிப் போகும், உயிர் இருக்காது. இடைவெளியைப் போகப் போகக் கூட்டினால் பந்து எதற்கோ பயந்து ஓடுகிற மாதிரி இருக்கும். போகப் போகக் குறைத்தால் அது தயங்குகிற மாதிரி, களைத்துப்போன மாதிரி இருக்கும். பந்து அதே பந்துதான். கண் வரையவில்லை, வாய் வரையவில்லை. பயமும் தயக்கமும் எங்கே இருந்து வந்தது? ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் இருந்து வந்தது. மெக்லாரன் வாழ்நாள் முழுவதும் வேலை செய்தது அந்த இடைவெளியில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோழியும் கோடுகளும்

1941-ல் கிரியர்சன் மறுபடியும் கூப்பிட்டார். அவர் அப்போது கனடாவில் தேசியத் திரைப்பட வாரியத்தின் தலைவர். மெக்லாரன் ஒட்டாவா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். போர் நடக்கிற காலம். போரை வெறுக்கிற ஒரு மனிதர், போரில் இருக்கும் ஒரு அரசாங்கத்தின் வேலையில் சேர்ந்திருக்கிறார். சங்கடமான நிலைமைதான். நல்லவேளையாக, தபாலைச் சீக்கிரம் போடுங்கள், பணத்தைச் சேமியுங்கள் என்பது போன்ற சின்னச் சின்னப் படங்களே அவருக்குக் கிடைத்தன. 1942-ல் சேமிப்புப் பத்திரத்துக்காக ஒரு கோழியை ஆடவிட்டார் பாருங்கள், பார்த்தவர்களுக்குச் சிரிப்பு அடங்காது. நாலைந்து கோடுதான் அந்தக் கோழி. கால் தனியாக ஆடும், தலை தனியாக ஆடும், திடீரென்று முட்டையாகிவிடும்!

கனடாவில் அனிமேஷன் பிரிவைக் கட்டி எழுப்பியதும் அவர்தான். அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய துணை ஈவ்லின் லாம்பார்ட் என்ற பெண் கலைஞர். சிறு வயதிலிருந்தே அவருக்குக் காது மந்தம். அப்படிப்பட்டவரும் மெக்லாரனும் சேர்ந்து 1949-ல் என்ன படம் செய்தார்கள் தெரியுமா? இசையைக் கண்ணால் பார்க்கிற படம்! ஆஸ்கார் பீட்டர்சன் என்ற கறுப்பினப் பியானோ மேதை வாசித்த ஜாஸ் இசைக்கு ஏற்ப, நீள நீளமான பிலிம் துண்டுகளில் கட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வர்ணத்தை அள்ளித் தெளித்தார்கள். ஈர வர்ணத்தில் துணியை அழுத்தி எடுத்தார்கள். தூசி வந்து ஒட்டினால் அதுவும் அழகுதான் என்று விட்டுவிட்டார்கள். படத்தின் நடுப்பகுதியில் இசை மெதுவாகிச் சோகமாகும். அப்போது வர்ணம் எல்லாம் மறைந்து, கறுப்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் மட்டும் நிற்கும். மழை ஜன்னலுக்கு வெளியே பெய்கிற மாதிரி. அந்த இடத்தைப் பார்க்கும்போது எனக்கு ஏனென்றே தெரியாமல் மனசு கனத்துவிட்டது.

பெட்டிச் செய்தி: ஒலியை வரைய முடியுமா?

சினிமா பிலிமின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு சின்னப் பாதை உண்டு. புரொஜெக்டரில் உள்ள விளக்கின் ஒளி அதன் வழியாகப் போய் ஒளி மின்கலத்தில் விழும். ஒளி கூடிக் குறையும்போது மின்சாரம் கூடிக் குறையும், அது ஒலிபெருக்கியில் சத்தமாக வரும். மெக்லாரன் அந்த ஓரப் பாதையிலும் பேனாவால் கோடு போட்டார். நெருக்கமான கோடுகள் கீச்சென்ற சத்தம், அகலமான இடைவெளி விட்டால் தடித்த சத்தம். ஒரு வாத்தியமும் இல்லாமல் இசை வந்தது. பதினொன்றாம் வகுப்பில் அலை, அதிர்வெண் பாடம் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஒரு பூவுக்காக

1949-ல் யுனெஸ்கோ அமைப்பு அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. கிராமத்து மக்களுக்குச் சுத்தம், சுகாதாரம் பற்றிப் படங்கள் மூலமாகச் சொல்லிக்கொடுக்க, அங்கே இருக்கிற ஓவியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். அவர் அங்கே இருக்கும்போதே கம்யூனிஸ்ட் புரட்சி அந்தப் பகுதிக்கும் வந்துவிட்டது. அங்கே பழகிய மனிதர்கள் மேல் அன்போடு 1950-ல் அவர் கனடா திரும்பினார்.

திரும்பிய வருடமே கொரியப் போர் வெடித்தது. கனடா நாட்டுச் சிப்பாய்கள் ஒரு பக்கம். சில மாதங்களில் சீனச் சிப்பாய்கள் எதிர்ப்பக்கம். தனக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் வேலை தந்த மண்ணும், தனக்குச் சோறு போடும் மண்ணும் சண்டை போடுகின்றன. யார் பக்கம் நிற்பது? ஸ்பெயினிலிருந்து உள்ளே தங்கிக் கிடந்தது எல்லாம் அப்போது வெளியே வந்தது. அவர் மேடை ஏறிப் பேசவில்லை. கட்டுரை எழுதவில்லை. 1952-ல் எட்டு நிமிடப் படம் ஒன்று எடுத்தார். பெயர் 'அண்டை வீட்டார்'.

இந்த முறை கோடு இல்லை, நிஜ மனிதர்கள். ஆனால் அவர்களையும் பொம்மை மாதிரி ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்தார். ஒருவர் குதிக்கும்போது உச்சியில் இருக்கும் நொடியை மட்டும் எடுத்து, மறுபடி குதிக்கச் சொல்லி மறுபடி எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்தால் ஆள் தரையில் கால் படாமல் மிதப்பார்!

கதை இவ்வளவுதான். இரண்டு அட்டை வீடுகள். முன்னால் புல்தரையில் இரண்டு பேர் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பூ முளைக்கிறது. வாசம் பிடித்து இருவரும் சந்தோஷத்தில் மிதக்கிறார்கள். அப்புறம் பூ யாருடையது என்று பேச்சு வருகிறது. வேலி போடுகிறார்கள். கை நீள்கிறது. முகத்தில் காட்டுமிராண்டிச் சாயம் ஏறுகிறது. ஒருவர் வீட்டை ஒருவர் இடித்து, மனைவியையும் கைக்குழந்தையையும்கூட அடித்துக் கொல்கிறார்கள். அந்தப் பூவும் காலில் மிதிபட்டுச் செத்துப்போகிறது. கடைசியில் இரண்டு பேரும் சாகிறார்கள். இரண்டு சமாதி, அவற்றைச் சுற்றி அதே வேலி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூ. முடிவில் அண்டை வீட்டாரிடம் அன்பாக இருக்கச் சொல்லும் வாசகம் பல மொழிகளில் வருகிறது.

முதலில் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். சார்லி சாப்ளின் படம் மாதிரி இருக்கிறதே என்று. குழந்தை வரும் இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் தெருவில் வேலியோரம் நிற்கிற ஒரு முருங்கை மரத்துக்காக இரண்டு வீட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் பேசிக்கொள்வதில்லை. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு அடுத்த வீட்டில் விளக்குகூடப் போடவில்லை. அந்த மரம் பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருக்கிறது. படத்தைப் பார்த்த அன்று அந்த மரத்தைத் தாண்டி வரும்போது எனக்குப் பகீரென்றது. அட்டை வீடு கனடாவில் இருக்கலாம், வேலி எல்லா ஊரிலும் இருக்கிறது.

இந்தப் படத்துக்கு 1953-ல் ஆஸ்கார் விருது கிடைத்தது. ஆனால் மனைவி குழந்தைகளைக் கொல்லும் காட்சி ரொம்பக் கொடூரம் என்று சிலர் சொல்ல, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். பிறகு வியட்நாம் போர் வந்தது. உண்மையான போரில் குழந்தைகள் சாவதை மக்கள் செய்தியில் பார்த்த பிறகு, வெட்டிய காட்சியைத் திரும்பச் சேர்த்தார்கள். 2009-ல் யுனெஸ்கோ இந்தப் படத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

நாற்காலியும் சித்தாரும்

யுனெஸ்கோ வேலையாகவே மெக்லாரன் நம் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். நமக்கும் அவருக்கும் இன்னொரு சொந்தமும் உண்டு. 1957-ல் கிளாட் ஜுட்ரா என்பவரோடு சேர்ந்து ஒரு நாற்காலிக் கதை எடுத்தார். ஒருவர் உட்காரப் போகிறார், நாற்காலி நகர்ந்துகொள்கிறது. துரத்துகிறார், மிரட்டுகிறார், கொஞ்சுகிறார். ம்ஹூம், மசியவில்லை. கடைசியில் அவருக்குப் புரிகிறது. முதலில் நாற்காலியைத் தன் மேல் உட்கார வைக்கிறார். அதற்குப் பிறகுதான் அது அவரை உட்கார விடுகிறது. மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு என்று நம் வீட்டில் பெரியவர்கள் சொல்வதை ஒரு நாற்காலி சொல்லிவிட்டது! அந்தப் படத்துக்குச் சித்தார் வாசித்தவர் பண்டிட் ரவிசங்கர், தபேலா வாசித்தவர் சதுர்லால். வாய்ப்பேச்சே இல்லாத படத்தில் நாற்காலியின் பிடிவாதத்தைத் தபேலாதான் பேசுகிறது.

கத்தியும் ஊசியும்

1955-ல் இன்னும் ஒரு படி போனார். கன்னங்கரேலென்ற பிலிமில் பேனாக்கத்தி, தையல் ஊசி, பிளேடு இவற்றால் கீறிக் கீறிப் படம் வரைந்தார். எல்லாக் கட்டத்திலும் வரையவில்லை. நிறையக் கட்டங்களைச் சும்மா கறுப்பாகவே விட்டுவிட்டார். இரண்டு பறவை மாதிரி உருவங்கள் மின்னி மறையும், சண்டை போடும், சேரும். நடுவில் உள்ள இருட்டை நம் கண்ணே நிரப்பிக்கொள்கிறது. அந்தப் படம் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான உயரிய பரிசை வாங்கியது.

1968-ல் வந்த பாலே நடனப் படம் வேறு விதம். கறுப்புப் பின்னணியில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஆடுகிறார்கள். உடம்பின் ஓரத்தில் மட்டும் வெளிச்சம். ஒரே அசைவைச் சற்றுச் சற்றுத் தள்ளி, பதினொரு முறை வரை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதித்தார். கை ஒன்று தூக்கினால் விசிறி மாதிரிப் பல கைகள் பின்னால் வரும். ஒருவர் கடந்துபோன பிறகும் அவர் நினைப்பு அந்த இடத்திலேயே நிற்கும் இல்லையா, அதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

வயதான காலத்தில் உடம்பு சரியில்லாமல் இருந்தும் 1983-ல் கடைசிப் படத்தை முடித்தார். தண்ணீரில் தெரியும் தன் முகத்தையே காதலித்த கிரேக்க இளைஞனின் கதை அது. தன்னை நேசித்தவர்களைத் தள்ளிவிட்டு, தன்னைத் தவிர யாரையும் பார்க்க முடியாத அவன், முடிவில் கம்பிகளுக்குப் பின்னால் நிற்கிறான். பக்கத்து வீட்டுக்காரனை மறந்தவர்களைப் பற்றி எடுத்தவர், கடைசியில் உலகத்தையே மறந்தவனைப் பற்றி எடுத்திருக்கிறார்.

1937 முதல் அவரோடு வாழ்நாள் முழுவதும் கூடவே இருந்தவர் கை குளோவர். அவரும் திரைப்பட வாரியத்திலேயே வேலை பார்த்தவர். 1987 ஜனவரி 27-ஆம் தேதி மான்ட்ரியால் நகரத்தில் மெக்லாரன் காலமானார். அப்போது அவருக்கு வயது 72.

நாமும் வரையலாம்

அவருடைய படங்கள் பலவற்றைக் கனடா திரைப்பட வாரியம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் லேபில் நேரம் கிடைக்கும்போது ஆசிரியர் அனுமதியோடு பாருங்கள்.

இப்போது போனிலேயே அனிமேஷன் செய்யலாம், உண்மைதான். ஆனாலும் ஒரு தடவை கையால் செய்து பாருங்கள். தேவையானவை: ஒரு பழைய ரஃப் நோட்டு, ஒரு பேனா. நோட்டின் கீழ் மூலையில், கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி, 24 பக்கங்களில் வரையுங்கள். ஆள் வேண்டாம், முகம் வேண்டாம். ஒரு புள்ளியோ ஒரு கோடோ போதும். வரைவதற்கு முன் ஓர் உணர்ச்சியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். ரிசல்ட் வரும் நாள் காலையில் வயிற்றில் புரளுமே, அது. சண்டை போட்ட தோழி நாலு நாள் கழித்துத் தானாக வந்து பேசும்போது வருமே, அது. யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளேயே வைத்திருப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. இடைவெளியை மட்டும் யோசித்து யோசித்து விடுங்கள்.

முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன உணர்ச்சி என்று நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே சொல்லட்டும். சரியாகச் சொல்லிவிட்டால் நீங்களும் வாயைத் திறக்காமல் பேசிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நோட்டுகளை வரும் வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் வகுப்பில் கொடுங்கள். இந்தச் சுவரிதழுக்குக் கீழே ஒரு நூல் கட்டித் தொங்கவிடப் போகிறோம். ஆசிரியர்களும் வரையலாம்!

— பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி